ஐம்பது கிலோவுக்குக் குறையாமல்

ஐம்பது கிலோவுக்குக் குறைந்தால் தொட்டியில் இறக்க மாட்டார்களாம். அப்படிச் சொன்ன சூப்பர்வைசர் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் கோபம் வந்துவிட்டது.

நான் குடியிருப்பது கும்மிடிப்பூண்டியில். மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியை உதறித்தான் எடுக்க வேண்டும். அவ்வளவு தொழில் வளம். சிப்காட்டுக்குள் இரும்பை உருக்குகிறார்கள், உருட்டுகிறார்கள், முறுக்குக் கம்பியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். உலோகத்துக்கு முலாம் பூசுகிறார்கள், பூச்சு சரியில்லை என்றால் உரித்துவிட்டு மறுபடி பூசுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு கல் எறிந்தால் ஒரு ஃபிட்டர் மேலோ டர்னர் மேலோதான் விழும். இப்படிப்பட்ட ஊரில் இரண்டு சைக்கிள் கிராங்க், ஒரு ஹேண்டில் ஸ்டெம், ஒரு சீட் போஸ்ட், இவற்றின் மேலிருக்கும் அனோடைசிங்கை உரித்துக் கொடுக்க ஆளில்லை.

உங்கள் வீட்டு பால்கனியிலும் இப்படி ஏதாவது பிரித்துப் போட்டபடி கிடக்கும். காயில் சுற்றிக்கொள்கிறேன் என்று கழற்றிய மிக்ஸியோ, பாலிஷ் போடுகிறேன் என்று இறக்கிய ஊஞ்சல் சங்கிலியோ. அதனால் இதை ஏன் உரிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கேட்கிறவர்களுக்கென்று நல்ல காரணம் ஒன்று வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன்.

சைக்கிள் என் அக்கா மகனுடையது. வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போகும்போது எங்கள் வராந்தாவில் சாத்திவிட்டுப் போனான். நான் ஓட்டிப் பழகியது கறுப்பு ஹெர்குலஸ். அதைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் அம்பத்தூரில் ஆரம்பித்த கம்பெனி. அம்பத்தூர் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில் அதை உள்ளூர்ச் சரக்கு என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்ள முடிந்தது. 2018-ல் அம்பத்தூரைச் சென்னை மாவட்டம் எடுத்துக்கொண்டது. பெருமையும் கூடவே போயிற்று, புகை மட்டும் இங்கேயே இருக்கிறது. அந்த ஹெர்குலஸில் எல்லாமே இரும்பு. துரு பிடித்தால் தேங்காயெண்ணெய், ஆடினால் கோட்டர் பின்னில் ஒரு தட்டு, அவ்வளவுதான் பராமரிப்பு. அக்கா மகனுடைய சைக்கிளில் கைக்கு அகப்படுவதெல்லாம் அலுமினியம். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கிராங்கை உள்ளங்கையில் வைத்து, "வெயிட்டே இல்லியே சார்" என்று எனக்குத் துக்கம் விசாரித்தார்.

வாங்கியபோது அந்தப் பாகங்களெல்லாம் பளபளவென்று கத்தரிக்காய் நிறம். வராந்தாவில் மேற்கு வெயில் பட்டுப் பட்டு, இப்போது கொத்சுக்குச் சுட்டு உரித்த கத்தரிக்காய். கிராங்கின் உள்பக்கம் மட்டும் இன்னும் புதுக் காய். இது வெயிலின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அனோடைசிங்குக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை கரிமச் சாயங்கள். சிவப்பும் ஊதாவும் வெயில் கண்டால் வெளுக்கும். ஐரோப்பாவில் வருஷத்தில் பாதி நாள் மேகம், அங்கே தாங்கும். சித்திரை மாதத்துக் கும்மிடிப்பூண்டிக்கு அதை அனுப்பியவர்கள் ஒரு தடவை இங்கே வந்து நின்று பார்த்திருக்கலாம்.

அனோடைசிங் என்றால் என்ன என்று தெரியாமல் இந்த வட்டாரத்தில் யாரும் இருக்க முடியாது. ஆனாலும் தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறார்களே தவிர, பாதிப் பேர் அதைப் பெயிண்ட் என்றே நினைக்கிறார்கள். பெயிண்ட் என்றால் சுரண்டினால் வந்துவிடுமே. நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியத்தை ஜிக்கில் கட்டித் தொங்கவிட்டு, நேர்மின் பக்கம் இணைத்து, பதினைந்து வோல்ட் போலக் கொடுத்தால் உலோகத்தின் மேல்தோலே ஆக்சைடாக மாறும். கொஞ்சம் உள்ளே இறங்கும், கொஞ்சம் வெளியே வளரும். வளரும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு வளரும். அந்தத் துளைக்குள் சாயத்தை ஏற்றி, பிறகு கொதிநீரில் போட்டு வாயை மூடிவிடுவார்கள். சைக்கிள் பாகம் என்றால் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் இருக்கும். 1923-ல் பிரிட்டனில் இதைக் கண்டுபிடித்ததே கடல் விமானங்களின் பாகங்கள் உப்பு நீரில் அரிக்காமலிருக்கத்தான். அப்போது குரோமிக் அமிலம். கந்தக அமில முறை சில வருஷம் கழித்து வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த மேல்தோலும் மாணிக்கக் கல்லும் ஒரே சேர்மம், அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கத்தில் அது படிகமாக இறுகியிருக்கிறது, குரோமியம் கலந்து சிவந்திருக்கிறது. என் கிராங்கில் படிகமில்லை, நிறம் சாயக்கடையிலிருந்து வந்தது. மற்றபடி சொந்தம்தான். எமரி பேப்பரில் ஒட்டியிருக்கும் மணலும் அதே சேர்மம். எமரி பேப்பர் போட்டுக் கிராங்கைத் தேய்த்தால் பங்காளிகள் இருவர் உரசிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம். தோள்பட்டை வலி மூன்றாம் மனிதனுக்கு.

ஆகவே முறைப்படி ஜாப் ஒர்க் கொடுத்துவிடலாம் என்று பாகங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சிப்காட்டுக்குள் அனோடைசிங் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் நோட்டைத் திருப்பி வைத்தார்.

"கம்பெனி பேரு சார்?"

"கம்பெனி இல்லை. வீடு."

கம்பெனி என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதினேன். மெட்டீரியல்: கிராங்க். குவான்டிட்டி: 2 நம்பர்.

"டி.சி. கொண்டாந்தீங்களா சார்?"

பள்ளிக்கூடத்தை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, இப்போது எதற்கு டி.சி. என்று நான் விழித்தேன். டெலிவரி சலானாம். சரக்கு உள்ளே போவதானால் சலான் வேண்டும், ஜி.எஸ்.டி. நம்பர் வேண்டும். என் மஞ்சள் பை எந்த மாநிலத்திலும் பதிவு செய்யப்படவில்லை. உள்ளேயிருந்து வந்த சூப்பர்வைசர் நல்ல பையன். கிராங்கைத் திருப்பிப் பார்த்தான், நகத்தால் கீறினான்.

"இது ரெண்டு நிமிஷ வேலை சார். ரிஜெக்ட் ஆன பீஸை நாங்களே டெய்லி காஸ்டிக்ல விட்டு எடுக்கறோம்."

"அப்படீன்னா இதையும் ஓரமா விட்டு எடுத்துடேன்ப்பா."

"அம்பது கிலோ இருந்தா கொண்டாங்க சார்."

பையின் மொத்த எடை இரண்டு கிலோ தேறாது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் வரை இருக்கிற கத்தரிக்காய் நிறச் சைக்கிள்களையெல்லாம் திரட்டினாலும் ஐம்பது கிலோ வருமா என்று சந்தேகம். திரட்டப் போனால் எனக்கு வேறு பெயர் வைப்பார்கள்.

காக்களூரில் விசாரிக்கலாம் என்றார்கள். காக்களூர் திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் சிட்கோ எஸ்டேட். ஒரே மாவட்டம், எங்கள் கலெக்டர் ஆபீஸ் அங்கேதான். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் போக வேண்டுமானால் வடக்கு லைனில் சென்னைக்குள் போய், மாறி, மேற்கு லைனில் வெளியே வர வேண்டும். 1997-ல் மாவட்டத்தைப் பிரித்தவர்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் பிரித்திருப்பார்கள், ரயில்வே அட்டவணையைப் பார்த்து அல்ல. பைக்கில் புதுவாயல், பெரியபாளையம் வழியாகப் போகலாம். நான் போனது ஆடி ஞாயிறு. பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வந்த கூட்டத்துக்கு நடுவில், மஞ்சள் பையோடு நின்ற என்னை எல்லோரும் பிரார்த்தனைக்காரன் என்றே நினைத்து வழிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மூடியிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அனுப்பிவைத்தவர் உட்பட.

ஆக, வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நீலக் கையுறை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், அறுவை சிகிச்சைக் கூடம் மாதிரி துடைத்த கராஜில் நின்றுகொண்டு, "உங்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கும் ஓவன் கிளீனரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு. அதைச் சுத்தம் செய்வது ஈரத்துணி. ஓவன் கிளீனரில் வேலை செய்வது காஸ்டிக் சோடாதான் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியும். ஹார்ட்வேர் கடையில் வெள்ளைச் செதில் செதிலாக நிறுத்துக் கொடுத்தார்கள்.

காஸ்டிக் சோடாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலுமினியம் பிறப்பதே அதில்தான். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டை மேட்டூர் மால்கோவில் காஸ்டிக்கில் கரைத்துத்தான் அலுமினாவாகப் பிரித்தார்கள். 1888-ல் பேயர் என்பவர் கண்டுபிடித்த வழி அது. அந்தக் காஸ்டிக்கை எடுப்பது உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டு. அலுமினாவிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்க இன்னொரு மின்சாரம். அதன் மேல் அனோடைசிங் ஏற்ற மறுபடி மின்சாரம். இத்தனை யூனிட்டையும் ஒரு டப்பாவில் போட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைபராக்குவதுதான் நான் எடுத்துக்கொண்ட காரியம். மின்வாரியத்துக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.

டப்பா என்றேனே, இப்போது அந்த இடத்துக்கு வருவோம். "ஒரு பழைய பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் நீலக் கையுறை. அவருக்குத் தமிழ்நாட்டில் பெண் கொடுத்தவர் யாருமில்லை என்பது இந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. இங்கே பழைய பாத்திரம் உண்டு; 'ஒரு' பழைய பாத்திரம் கிடையாது. ஒவ்வொன்றும் இன்னாருடையது.

முதலில் அலுமினியப் பாத்திரங்களை ஒதுக்க வேண்டும். காஸ்டிக்குக்குக் கிராங்க், குண்டான் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது; மேல்தோலை உரித்து முடித்ததும் குண்டானையும் சேர்த்துக் கரைக்கும். இதில் ஊருக்கே ஒரு பெருமை இருக்கிறது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தது சென்னைதான். 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினியரிங் பேராசிரியர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். அது லாபமாக ஓடுகிறது என்று தெரிந்ததும் 1903-ல் இந்தியன் அலுமினியம் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அரசாங்கம் ஒரு தொழிலை லாபத்தில் நடத்தி, லாபத்தில் இருக்கும்போதே கைகழுவியது இன்று நேற்றுப் பழக்கமல்ல என்பதற்காகச் சொன்னேன். கறுப்புத் தவாவும் கூடாது. ஹார்ட் அனோடைஸ்டு என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது. அதில் ஊற்றினால் ஒரே செலவில் இரண்டு உரிப்பு.

பித்தளை? பரணில் இருக்கிறது, பொங்கலுக்கு மட்டும் இறங்கும். உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. அந்த வெள்ளீயமும் காஸ்டிக்கில் கரையும். கரைந்தால் மறுபடி பூச, தெருவில் கூவிக்கொண்டு வந்த ஈயம் பூசுகிறவர் இப்போது வருவதில்லை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் பக்கம் நான் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அது மாமியார் வீட்டுச் சீர். அடுப்பில் வெறுமனே வைத்தாலே உருகிவிடும், காஸ்டிக் எல்லாம் அதற்கு அதிகப்படி.

மண்பானை கசியும். கண்ணாடி என்று பார்த்தால் மகன் மீன்தொட்டியைத் தருகிறேன் என்றான். மீன்களை எங்கே விடுவது என்றதற்கு, "பக்கெட்ல விடலாம்ப்பா" என்றான். பக்கெட் இருந்தால் நான் ஏன் மீன்தொட்டிக்குப் போகிறேன்.

எவர்சில்வரைக் காஸ்டிக் ஒன்றும் செய்யாது. ரசாயனப்படி அதுதான் சரி. குடும்பப்படி அதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் பேரில்லாத எவர்சில்வர் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது: கொடுத்தவர் பேர், விசேஷம், தேதி. முதலில் ஒரு பேசினை எடுத்தேன். "அது எங்க பெரியண்ணன் கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்தது" என்றாள் மனைவி. தூக்குப்போணி? "சின்ன நாத்தனாருது." சின்ன நாத்தனார் என் தங்கைதான், என் தங்கை கொடுத்ததை நான் எடுக்கக் கூடாதா? "அவங்க பொங்கலுக்கு வந்தா அதுலதான் பால் வாங்குவாங்க. பேரைத் தேடுவாங்க." அடுக்கில் பெரியது? அதை எடுத்தால் அதற்குள் இருக்கும் ஆறும் அநாதையாகும். சம்புடம்? அதில் அப்பளம் இருக்கிறது. மேல் தட்டில் எவருமே தொடாத ஒரு வாளி இருந்தது. ஏறி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், பேரே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று இறங்கினால், அது பக்கத்து வீட்டு அக்காவுடையதாம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பலகாரம் போட்டுக் கொடுத்தது. வெறும் வாளியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என்ன போடுவது என்று முடிவாகாததால் அங்கே இருக்கிறது. மணப்பெண்ணுக்கு இப்போது இரண்டாவது குழந்தை.

மிஞ்சியது பிளாஸ்டிக். காஸ்டிக்குக்கு உண்மையில் அதுதான் வாகு, பாலிப்ரொப்பிலீன் எதற்கும் அசையாது. இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்று குளியலறையில் இருக்கிறது, எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். பெயிண்ட் அடித்து எந்தக் காலமோ ஆயிற்று, பக்கெட் இன்னும் வேலையில் இருக்கிறது. அதைத் தொட்டால் காலையில் யாரும் குளிக்க முடியாது. ஐஸ்க்ரீம் டப்பாக்கள் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. ஐஸ்க்ரீம் டப்பாவைத் திறந்து ஐஸ்க்ரீமைப் பார்த்த தமிழன் எவனாவது இருந்தால் அவன் படத்தை மாட்டலாம். ஒன்றில் தோசைமாவு, ஒன்றில் உரித்த பூண்டு, ஒன்றில் கறிவேப்பிலை, இன்னொன்றில் என்னவென்று அதன் சொந்தக்காரிக்கே மறந்துபோன ஒரு பொருள். ஸ்வீட் டப்பாக்களில் மாத்திரை. முறுக்கு டப்பாவில் ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், செத்த பேட்டரிகள். சமையலறையில் சும்மா இருக்கும் பாத்திரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கொஞ்சம் ஓய்வாக இருப்பது நான் ஒருவன்தான். அதையும் ஒருநாள் கவனித்துவிடுவார்கள்.

கடைசியில் எனக்கு அனுமதிக்கப்பட்டது மூடி தொலைந்த நீளச் சதுர டப்பா ஒன்று. மூடி தொலைந்தால்தான் ஒரு டப்பா சமையலறையை விட்டு வெளியேற முடியும் என்பது சட்டம். அதுவும், "மூடி கிடைச்சா திருப்பித் தரணும்" என்ற நிபந்தனையோடு.

உரித்த கதை சுருக்கமானது. மொட்டை மாடி, திறந்தவெளி. லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் காஸ்டிக். தண்ணீரை முதலில் ஊற்றி அதில் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் குபீரென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. கிராங்கை இறக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆக்சைடு கரையும்போது சத்தமிருக்காது. சாயம் மட்டும் தண்ணீரில் இறங்கிற்று. பிறகு நுரைத்தது. நுரைத்தால் ஆக்சைடு தீர்ந்து உலோகத்தில் கை வைத்துவிட்டது, வருவது ஹைட்ரஜன், உடனே வெளியே எடு என்று அர்த்தம். பீடியோடு வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரரை அந்த ஹைட்ரஜனைக் காட்டித்தான் கீழே இறக்கினேன். நுரை தெறிக்கும் காற்றை இழுத்தால் தொண்டை கரகரக்கிறது. சூப்பர்வைசர் பையன் இதைத் தொட்டிக் கணக்கில், நாள் முழுக்க இழுக்கிறான். அவன் என்னிடம் ஐம்பது கிலோ கேட்டதைப் பற்றி எனக்கிருக்கும் கோபத்தில் பாதி அந்த இடத்தில் குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது.

வெளியே எடுத்தால் கிராங்க் கன்னங்கரேல். காம்பவுண்டு சுவருக்கு அப்பாலிருந்து, கார் கம்பெனியில் குவாலிட்டி பார்த்து ரிட்டயரானவர் எட்டிப் பார்த்தார்.

"ஸ்மட்டு. அலாய்ல இருக்கற செம்பும் சிலிக்கானும் கரையாம நிக்குது. நைட்ரிக்ல முக்கினா வெள்ளையாயிடும்."

நைட்ரிக் அமிலத்துக்குப் போனால் கடைக்காரர் ஆளை மேலும் கீழும் பார்த்தார். 2013-ல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, வாங்குகிறவரின் அடையாள அட்டை, முகவரி, காரணம் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். மிக நியாயமான உத்தரவு, யாரும் குறை சொல்ல முடியாது. காரணம் என்ற இடத்தில் எழுத 'சைக்கிள் கிராங்க் வெளுப்பாக்க' என்பதைத் தவிர என்னிடம் வேறில்லை. சொன்னேன். "நாங்க ஆசிட்டே விக்கறதில்ல சார்" என்றார். கறுப்பைப் பாத்திரம் தேய்க்கும் நாரால்தான் எடுத்தேன். அதுவும் யாருடைய நார் என்று ஒரு விசாரணை நடந்தது.

பிறகு நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பர், எண்ணூறு, ஆயிரத்திருநூறு, கடைசியில் பிராசோ. வாட்டர் பேப்பரில் இருப்பது சிலிக்கான் கார்பைடு, அது அலுமினியத்தைக் கேட்டுக் கேட்டு அறுக்கும். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மின்னிற்று. மின்னியதைப் பார்த்து மச்சான் வீடியோகாலில் சொன்னது: "சூப்பர் மாமா, இதுக்குப் பேசாம புதுசே வாங்கியிருக்கலாமே."

இங்கே இன்னொரு விவரம். வெறும் அலுமினியம் காற்றுப் பட்டதும் தானாகவே ஒரு ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். அது நாலு நானோமீட்டர் அளவுதான். நான் உரித்துப் போட்டது அதைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் கனமானது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் கடற்காற்று உப்போடுதான் வருகிறது. மின்னிய கிராங்க் இந்த வாரமே மங்க ஆரம்பித்துவிட்டது. கடல் விமானத்துக்காகக் கண்டுபிடித்ததைக் கடற்காற்று வீசும் ஊரில் உரிக்கிறாயே என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஏன் என்ற காரணம் கடைசியில் வருகிறது.

ஆனால் அந்த டப்பாத் தண்ணீர். எந்த வீடியோவிலும் அதை எங்கே ஊற்றினார்கள் என்று காட்டுவதில்லை. நீலக் கையுறை கழன்றதும் அடுத்த காட்சியில் பளபளக்கும் கிராங்க். எங்கள் தெருக் கால்வாய் ஏரிக்குப் போகிறது. தொழிற்சாலையாக இருந்தால் சுத்திகரிப்பு நிலையம் வைக்க வேண்டும், கசடை எடை போட வேண்டும், கேட்டில் அபாயக் கழிவுக் கணக்குப் பலகை மாட்ட வேண்டும். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் கம்பெனி மூடிப் போய்ப் பல வருஷமாகியும் அது விட்டுச் சென்ற குரோமியக் குவியல் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்த கதை எல்லாருக்கும் தெரியும். மாநிலத்தின் அபாயக் கழிவைப் பத்திரமாகப் புதைக்கும் களமே எங்கள் சிப்காட்டுக்குள் இருக்கிறது. லாரி லாரியாக அங்கே எடுத்துக்கொள்வார்கள். என் இரண்டு லிட்டரைக் கொண்டுபோனால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பாட்டில் வினிகரை ஊற்றிக் காரத்தைக் குறைத்து, வெள்ளைக் கசடு அடியில் தங்கிய டப்பாவை மாடி மூலையில் வைத்திருக்கிறேன். மூடியைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

உண்மையில் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது கிராங்குக்காக அல்ல. கிராங்கும் ஸ்டெம்மும் வெள்ளையாகிவிட்டதால் ரிம் இரண்டும் சுட்ட கத்தரிக்காயாகத் தனியே நிற்கின்றன, கண்ணை உறுத்துகிறது. போக்ஸ் கம்பியெல்லாம் கழற்றியாயிற்று. ரிம் விட்டம் இரண்டடிக்கு மேல். அதை முழுக்க முக்க இந்த வீட்டில் பாத்திரமில்லை, தெருவிலும் இல்லை. பஜாரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை இருக்கிறது. நேற்று சாயங்காலம் போனேன். அகலமான பெரிய அண்டா, எவர்சில்வர், ஒரு நாளைக்கு.

"எத்தனை பேருக்குங்க சார்?"

"ஆள் கணக்கு இல்லை. அகலம்தான் முக்கியம்."

அவர் நோட்டை எடுத்து, பேனாவை உதறிக்கொண்டு, "சைவமா அசைவமா? முன்னாடியே சொல்லிடுங்க சார், பாத்திரம் வேற வேற" என்றார்.